வெயிலைச் சேமிக்க முயன்றவர்

மாடியில் சூரிய மின்தகடு பொருத்துவது பற்றிப் பேசாத நடுத்தரக் குடும்பம் இன்று குறைவு. எத்தனை கிலோவாட் போடலாம், மானியம் எவ்வளவு, போட்ட பணம் எத்தனை ஆண்டுகளில் திரும்பும் என்பவையே அந்தப் பேச்சின் பொருள். பகலில் கிடைப்பதை இரவுக்கு எப்படிக் கொண்டுசெல்வது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும், அதற்குத்தான் மின்வாரியத்தின் கம்பி இருக்கிறதே என்ற விடையோடு முடிந்துவிடுகிறது.

வீட்டுக்கான சூரிய ஆற்றலில் மையமான சிக்கல் அந்தக் கேள்விதான் என்று முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கண்டு, அதற்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் மரியா டெல்கெஸ். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைச் சூரிய ராணி என்று கொண்டாடின. அவர் பணியாற்றிய நிறுவனமோ அவரை அந்த அளவுக்குக் கொண்டாடவில்லை.

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் 1900 டிசம்பர் 12 அன்று பிறந்தார் டெல்கெஸ். அங்கேயே பயின்று, 1924இல் இயற்பிய வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹங்கேரியத் தூதரகப் பொறுப்பில் இருந்த மாமாவைக் காணச் சென்றவர், அங்கேயே தங்கிவிட்டார். கிளீவ்லாந்து மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் உயிர் இயற்பியலாளராகச் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். 1937இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். வெப்பத்தை நேரடியாக மின்சாரமாக மாற்றும் வெப்ப மின்னிரட்டைகளைப் பற்றி அங்கே ஆராய்ந்தார். சூரியனிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அடுத்த வேலை.

எரிவாயுவை எரித்துக் கரித்தூள் தயாரிக்கும் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டியவர் பாஸ்டன் நகரத்துக் காட்ஃப்ரி கேபட். சூரிய ஆற்றல் ஆய்வுக்காக 1938இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு அவர் ஆறு லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை அளித்தார். புதைபடிவ எரிபொருளில் திரண்ட செல்வம் அதற்கு மாற்றுத் தேடும் ஆய்வுக்கு வித்திட்டது என்பது பொருளாதார மாணவர்கள் கவனிக்கத்தக்க முரண். எம்.ஐ.டி. என்று உலகம் அறிந்த அந்தக் கழகத்தில் இந்தத் திட்டத்தின் தலைமைப் பொறுப்பு ஹோய்ட் ஹாட்டெல் என்ற வேதிப் பொறியாளரிடம் இருந்தது. எரிதல் துறையில் அவர் பெரும் வல்லுநர்.

1939இல் ஹாட்டெல் குழுவினர் ஒரு சோதனை வீட்டைக் கட்டியிருந்தனர். கூரையில் தகடுகள், நிலத்தடியில் பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டி. கோடையில் சூடாக்கிய நீரைக் குளிர்காலம் வரை வைத்திருந்து வீட்டைச் சூடேற்ற முடிந்தது. செலவைக் கணக்கிட்டபோதுதான், எண்ணெயோ நிலக்கரியோ எரிப்பது அதைவிடப் பல மடங்கு மலிவு என்று தெரிந்தது. சூரிய வெப்பம் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது என்ற எண்ணம் ஹாட்டெலிடம் அப்போதே வேரூன்றிவிட்டது.

இடையில் உலகப் போர் வந்தது. கடலில் விழுந்த விமானிகளும் மூழ்கிய கப்பல்களின் மாலுமிகளும் உயிர்காப்புப் படகில் தாகத்தால் மடிந்துகொண்டிருந்தனர். அவர்களுக்காக, காற்றூதி விரிக்கக்கூடிய, ஒளி ஊடுருவும் நெகிழித் தாளால் ஆன ஒரு சிறு வடிகலத்தை டெல்கெஸ் வடிவமைத்தார். வெயில்பட்டுக் கடல்நீர் ஆவியாகும்; ஆவி குளிர்ந்து நன்னீராகும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் கிடைக்கும். ஓர் உயிரைக் காக்க அது போதும். உற்பத்தி தாமதமாகி, போர் முடியும் தறுவாயில்தான் அது கைக்கு வந்தது. எனினும் அந்தப் பணிக்காக அரசின் பாராட்டுச் சான்றிதழ் 1945இல் அவருக்குக் கிடைத்தது.

போருக்குப் பின் அவர் முழுமூச்சாக எடுத்துக்கொண்டது வீட்டைச் சூடேற்றும் பணி. வெப்பத்தை நீரில் சேமித்தால் தொட்டி பெரிதாகும். கல்லில் சேமித்தால் அதைவிடப் பெரிதாகும். ஒரு பொருளைச் சூடாக்கிச் சேமிப்பதைவிட, உருக்கிச் சேமிப்பதே சிக்கனம் என்று அவர் கருதினார்.

மார்கழியில் உறைந்துபோன தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்து உருக்காதவர் நம்மில் இல்லை. உருகி முடியும்வரை எண்ணெய் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும்; ஆனால் அதன் வெப்பநிலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். மீண்டும் உறையும்போது வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். பள்ளிப் பாடநூல்கள் இதை உள்ளுறை வெப்பம் என்கின்றன. டெல்கெஸ் தேர்ந்தெடுத்தது கிளாபர் உப்பு. நீர் மூலக்கூறுகளைத் தன்னுள் கொண்ட சோடியம் சல்பேட்தான் அது. ஒரு காலத்தில் பேதி மருந்தாகப் பயன்பட்டது. டன் கணக்கில் மலிவாகக் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது உருகுவது சுமார் 32 டிகிரி செல்சியஸில். ஓர் அறையை இதமாக வைத்திருக்க அதைவிடப் பொருத்தமான வெப்பநிலை அமையாது.

ஒரு கிலோ உப்பு உருகும்போது சுமார் 250 கிலோஜூல் வெப்பத்தை உள்வாங்குகிறது. ஒரு கிலோ நீரைப் பத்து டிகிரி சூடாக்கினால் சேர்வது 42 கிலோஜூல்தான். எடைக்கு எடை ஆறு மடங்கு; உப்பு நீரைவிட அடர்த்தியானது என்பதால் இடத்தைக் கணக்கிட்டால் இன்னும் சாதகம். வீட்டின் நிலவறையையே தொட்டியாக்க வேண்டியதில்லை. சுவரோரத்தில் சில அலமாரிகள் போதும்.

எம்.ஐ.டி.யின் இரண்டாவது சோதனைக் கட்டடத்தில், 1946–47இல், உப்பு எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை. ஹாட்டெல் நீருக்கே திரும்ப விரும்பினார். டெல்கெஸ் உப்பைக் கைவிட மறுத்தார். சூரிய ஆற்றல் குழுவிலிருந்து அவர் விலக்கப்பட்டு, உலோகவியல் துறைக்கு மாற்றப்பட்டார். பெண்கள் அரிதாகவே இருந்த ஒரு பொறியியல் கழகத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் திட்டத் தலைவரின் கருத்துக்கு எதிராக நிற்பது எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கழகத்துக்கு வெளியே அவருக்கு இரு துணைகள் கிடைத்தன, இருவருமே பெண்கள். அமிலியா பீபடி பாஸ்டனின் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த சிற்பி. எலினார் ரேமண்ட் கட்டடக்கலைஞர். பாஸ்டனுக்கு அருகே டோவர் என்ற ஊரில் இருந்த தம் நிலத்தில், தம் செலவில், ஒரு வீட்டைக் கட்டப் பீபடி முன்வந்தார். ரேமண்ட் வரைபடம் தயாரித்தார். எண்ணெயோ நிலக்கரியோ எரிக்காமல், குளிர்காலம் முழுவதும் சூரியனை மட்டுமே நம்பி வாழும் வீடாக அது திட்டமிடப்பட்டது.

வீட்டின் அமைப்பே தனி. கூரையில் தகடு எதுவும் இல்லை. தெற்கு நோக்கிய மேல்தளச் சுவர் முழுவதும் பதினெட்டுப் பெரிய கண்ணாடிச் சன்னல்கள் செங்குத்தாக நின்றன. குளிர்காலச் சூரியன் அங்கே தாழ்வாகச் செல்வதால் செங்குத்துக் கண்ணாடிக்கு வெயில் நன்றாகக் கிடைக்கும். பனியும் அதன்மேல் தங்காது. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புப் பூசிய உலோகத் தகடு. அது சூடாகும், அதையொட்டிய காற்றை மின்விசிறிகள் இழுத்து, அறைகளுக்கு இடையே இருந்த அலமாரிகளுக்குச் செலுத்தும். அந்த அலமாரிகளில் உப்பு நிரப்பிய உருளைக் கலன்கள் அடுக்கப்பட்டிருந்தன. மொத்த உப்பின் எடை சுமார் 21 டன். தொடர்ந்து பத்து நாள் வெயிலே இல்லாவிட்டாலும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது கணக்கு.

அந்த 21 டன்னை இன்றைய அலகில் பார்த்தால் அதன் பருமன் புரியும். முழுவதும் உருகிய நிலையில் அந்த உப்பில் அடங்கியிருக்கும் வெப்பம் சுமார் 1,300 யூனிட். இன்று வீடுகளில் பொருத்தும் லித்தியம் பேட்டரி ஒன்று பத்து யூனிட் அளவுக்குத்தான் சேமிக்கிறது. பேட்டரியில் இருப்பது மின்சாரம், உப்பில் இருந்தது வெப்பம், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் குளிர்நாட்டு வீட்டில் ஆற்றலின் பெரும்பங்கு வெப்பமாகத்தானே தேவைப்படுகிறது? தேவை வெப்பமாக இருக்கும்போது மின்சாரத்தைச் சுற்றிவந்து அதை அடைவது வீண்செலவு. மாடியில் சூரிய வெந்நீர்க் கலன் வைக்காமல், மின்தகடு பொருத்தி அந்த மின்சாரத்தில் கீசர் போடுவோர் யோசிக்க வேண்டிய செய்தி இது.

1948 கிறிஸ்துமஸ் வேளையில் டெல்கெஸின் உறவினர் குடும்பம் ஒன்று, சிறு குழந்தையுடன், டோவர் வீட்டில் குடியேறியது. செய்தியாளர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் வரிசையாக வந்தனர். முதல் இரண்டு குளிர்காலங்கள் வீடு பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. மாசசூசெட்ஸின் உறைபனியில், புகைபோக்கிக்கு வேலையில்லாத ஒரு வீடு இதமாக இருந்தது என்பது சிறிய செய்தி அல்ல.

மூன்றாவது குளிர்காலத்தில் குறைகள் வெளிப்பட்டன. வெப்பம் போதவில்லை. கலன்கள் அரித்துக் கசிந்தன. உப்பு இரண்டாகப் பிரிந்து, கீழே கெட்டியாகவும் மேலே நீராகவும் நின்றது. சில ஆண்டுகளில் அந்த வீட்டுக்கும் எண்ணெய் எரிக்கும் கருவி வந்து சேர்ந்தது.

இந்தத் தோல்வியின் வேதியியலைச் சற்று விளக்குவது அவசியம். ஏனெனில் பின்னாளில் பலர் இதைச் சூரிய வெப்பத்தின் தோல்வியாகவே எழுதினர். கிளாபர் உப்பு பனிக்கட்டியைப் போல முழுமையாக உருகுவதில்லை. உருகும்போது அதிலிருந்து நீரற்ற சோடியம் சல்பேட்டின் ஒரு பகுதி தனியே பிரிந்து அடியில் படிகிறது. குளிரும்போது அடியில் படிந்தது மேலே உள்ள நீரோடு மீண்டும் முழுமையாகச் சேர்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சேமிக்கும் திறன் சிறிது குறைகிறது. இன்னொரு கோளாறும் உண்டு. உறைய வேண்டிய வெப்பநிலைக்குக் கீழே போனாலும் சில நேரம் உப்பு உறைவதில்லை. உறையாவிட்டால் வெப்பமும் வெளிவருவதில்லை.

இரண்டாவது கோளாறுக்கு டெல்கெஸே தீர்வு கண்டார். சிறிதளவு வெண்காரம் சேர்த்தால் அதன் படிகங்களைப் பற்றிக்கொண்டு உப்பு உரிய நேரத்தில் உறையத் தொடங்கும் என்று 1952இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். உப்பைத் தேக்கி வைக்கும் இத்துறையில் இன்றும் வெண்காரம் பயன்படுகிறது. அடியில் படிவதைத் தடுக்க, கலவையைக் கெட்டியாக்கும் பொருள்களைச் சேர்க்கும் முறைகளும் பின்னர் வந்தன. அதாவது, டோவரில் தோற்றது கொள்கை அல்ல, கலனும் கலவையும்தான். மூன்று குளிர்காலங்களில் தெரியவந்த குறைகளைச் சரிசெய்யப் பத்தாண்டு ஆய்வு தேவைப்பட்டிருக்கும். பெட்ரோலியம் மலிவாகப் பெருகிய 1950களின் அமெரிக்காவில் அந்தப் பத்தாண்டுக்குப் பணம் தர யாரும் இல்லை.

ஹாட்டெலை வில்லனாகச் சித்திரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உப்பின் நம்பகத்தன்மை குறித்து அவர் எழுப்பிய ஐயம் சரியானது என்பதை டோவர் வீடே காட்டிவிட்டது. அன்றைய எண்ணெய் விலையில் அவரது செலவுக் கணக்கும் பிழையற்றது. அந்த விலை நிலையானது என்று கொண்டதில்தான் அவர் சறுக்கினார். எரிபொருளுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். சூரிய வீட்டுக்கு முழுப் பணத்தையும் முதல் நாளே கட்ட வேண்டும். இவ்விரண்டையும் ஒப்பிடும்போது நாளைய விலையைப் பற்றி நாம் என்ன கருதுகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. அது பொறியாளரின் அளவுகோலுக்குள் அடங்குவது அல்ல.

பெண் பொறியாளர் சங்கம் தன் முதல் சாதனை விருதை 1952இல் டெல்கெஸுக்கு அளித்தது. அதற்கு அடுத்த ஆண்டு எம்.ஐ.டி.யில் அவரது பணி முடிவுக்கு வந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஃபோர்டு அறக்கட்டளை அளித்த 45,000 டாலரைக் கொண்டு, விறகு அரிதான நாடுகளுக்கான சூரிய அடுப்பை உருவாக்கினார். வெப்பம் வெளியேறாத பெட்டி, மேலே கண்ணாடி, சுற்றிலும் விரிந்த பளபளப்பான உலோக மடல்கள். உள்ளே சுமார் 175 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். இன்றைய பெட்டி வகைச் சூரிய அடுப்புகள் அந்த மரபில் வந்தவையே.

அதே 1950களில் நம் நாட்டில் தேசிய இயற்பியல் ஆய்வகமும் குழியாடி வகைச் சூரிய அடுப்பு ஒன்றை அறிமுகப்படுத்தியது. அது விலைபோகவில்லை. காரணம் வெறும் விலை மட்டும் அல்ல. இந்தியக் குடும்பத்தின் சமையல் விடியலுக்கு முன்பும் அந்தி சாய்ந்த பின்பும் நடப்பது. அடுப்போ உச்சிவெயிலைக் கேட்டது. டோவரில் உப்பைத் தேட வைத்த அதே இடைவெளி இங்கே அடுப்பங்கரையில் குறுக்கிட்டது.

மின்சாரத்தையும் டெல்கெஸ் மறக்கவில்லை. வெப்ப மின்னிரட்டைகளைக் கொண்டு சூரிய வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி பற்றி 1954இல் எழுதினார். வெயிலைக் குவித்தபோது கிடைத்த திறன் சுமார் 3.35 சதவீதம். அதே 1954இல் பெல் ஆய்வகம் சிலிக்கன் சூரிய மின்கலத்தை வெளியிட்டது. அதன் திறன் 6 சதவீதம். ஒளியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் அந்தப் பாதையே பின்னர் உலகை வென்றது. அவர் நடந்த பாதை பின்தங்கியது.

பின்னர் பல ஆண்டுகள் தனியார் நிறுவனங்களில் கழிந்தன. வெப்பநிலை மாறினால் பழுதாகும் கருவிகளைக் காக்கும் கலன்களை, உருகி உறையும் பொருள்களைக் கொண்டே உருவாக்கினார். அப்பல்லோ விண்வெளித் திட்டத்திலும் அவை பயன்பட்டன. வீட்டைச் சூடேற்றத் தகுதியற்றது என்று ஒதுக்கப்பட்ட அறிவு நிலவுப் பயணத்துக்குத் தகுதியாயிற்று.

எழுபது வயதைக் கடந்த பின் அவருக்கு வீட்டுக்குத் திரும்பும் வாய்ப்பு வந்தது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் கார்ல் போயர் தலைமையில் 1973இல் சோலார் ஒன் என்ற வீடு எழுந்தது. ஒரே கூரையிலிருந்து மின்சாரத்தையும் வெப்பத்தையும் எடுத்த முன்னோடி வீடு அது. கூரையில் காட்மியம் சல்பைடு மின்கலங்கள். சூடாகும் கலங்களின் பின்னால் காற்றைச் செலுத்தி, அந்த வெப்பத்தையும் வீணாக்காமல் உப்புக் கலன்களில் சேமித்தனர். அந்தச் சேமிப்புப் பகுதி டெல்கெஸின் பொறுப்பு. கால் நூற்றாண்டுக்குப் பின் அவரது உப்பு மீண்டும் ஒரு வீட்டுக்குள் நுழைந்தது.

சோலார் ஒன்னில் இன்னோர் ஏற்பாடும் இருந்தது. பகலில் மிஞ்சிய மின்சாரம் தனி மீட்டர் வழியாக மின் நிறுவனத்துக்குச் சென்றது. இரவில் தேவையானது அங்கிருந்து வந்தது. இன்று நாம் நெட் மீட்டர் என்று சொல்வதன் முன்வடிவம் இது. வெப்பத்தை உப்பில் வைத்தார்கள். மின்சாரத்தைக் கம்பியில் வைத்தார்கள். இரண்டாவது வழி எளிதானதால் அதுவே பரவியது. நம் நாட்டில் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டு, ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 வரை மானியம் வழங்கும் பிரதமரின் சூரிய வீடு திட்டமும் இந்த வழியையே நம்பியிருக்கிறது. சில வீடுகள் அப்படிச் செய்யும்போது கம்பி தாங்கும். எல்லா மாடிகளும் நண்பகலில் அனுப்பி, எல்லா வீடுகளும் மாலை ஏழு மணிக்குத் திருப்பிக் கேட்டால், அந்த இடைவெளியை வேறு எங்கோ ஒரு நிலக்கரி நிலையமோ பேட்டரியோ நிரப்பியாக வேண்டும். அதன் செலவு வீட்டுக்காரரின் கணக்கில் வருவதில்லை. மின்வாரியத்தின் கணக்கில் வந்து, பிறகு எல்லோருடைய கட்டணத்திலும் ஏறுகிறது.

சோலார் ஒன் எழுந்த அதே 1973இன் இறுதியில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த விலை சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. ஒரே குளிர்காலத்தில் டெல்கெஸின் கணக்கு செல்லுபடியானது. அரசுகள் சூரிய ஆய்வுக்குப் பணத்தைக் கொட்டின. அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1979இல் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 வெந்நீர்த் தகடுகளைப் பொருத்தினார். ரீகன் ஆட்சியில், 1986இல், எண்ணெய் விலை சரிந்த ஆண்டில், அவை கழற்றப்பட்டன.

அமெரிக்கச் சூரிய ஆற்றல் சங்கம் 1977இல் டெல்கெஸுக்கு உயரிய விருது அளித்தது. வெப்பச் சேமிப்புக்கும் வடிகலத்துக்கும் அடுப்புக்குமாக இருபதுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. தொண்ணூறு வயதுவரை ஆலோசகராகப் பணியாற்றினார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1995இல், சுமார் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, பிறந்த ஊரைப் பார்க்கப் புடாபெஸ்ட் சென்றார். அங்கேயே டிசம்பர் 2 அன்று, தொண்ணூற்றைந்தாவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்பு காலமானார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவர் பெயர் 2012இல் சேர்க்கப்பட்டது. அவருடைய ஆய்வுத் தாள்கள் வெயிலுக்குப் பெயர்போன அரிசோனாவில், மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.